பூ இன்னும் வாங்கவில்லை

"ஐயோ... நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

கத்தியவன் கத்தியதோடு நிற்கவில்லை. பாய்ந்து வந்து சுவரில் இருந்த ப்ளக்கையே பிடுங்கிவிட்டான்.

லேமினேஷன் மெஷின் ஒரு முனகலோடு அடங்கியது. பத்தாவது தாளின் நுனி மட்டும் உள்ளே போயிருந்தது...

மஸ்துரா வெடுக்கென்று திரும்பினாள். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, கக்கத்தில் ஒரு ஃபைல், மூச்சு வாங்கும் முகம். முன்பின் பார்த்தறியாத ஆள்.

"யாருங்க நீங்க? உங்க வீட்டு ப்ளக்கா அது?"

"அக்கா, அது ரசீதுக்கா..."

"அக்காவா? யாருக்கு யார் அக்கா?"

ஸ்டேஷனரிக் கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த ப்ளக்கை விடவில்லை.

"சரி... அக்கா இல்ல. ஆனா ரசீது ரசீதுதானே. மெஷினுக்குப் பின்னால கொஞ்சம் பாருங்க."

பார்த்தாள்.

ஒன்பது தாள்கள், தாளுக்கு ஆறு ரசீது. பளபளவென்று, விறைப்பாக, அழகாக வந்து விழுந்திருந்தன. அத்தனையும் கன்னங்கரேல். ஓர் எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை.

"இது சூட்டுல எழுத்து வர்ற காகிதம்ங்க. மொத்தமா சூடு பட்டா மொத்தமா கறுத்துடும். ஜெராக்ஸ் எடுத்து அதைப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரே ஒரு ஜெராக்ஸ்..."

அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். மஸ்துராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முக்கியமான ரசீதுகள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பெரிய தொகைகளாகப் பொறுக்கி முதலில் போட்டிருந்தாள். லாரி ரிப்பேர், பட்டுத் துணி, பூ, விளக்குகள்... ஒரு வருஷம் மொத்தமும் போயிற்று.

"உங்களைக் கேட்டேனா?" என்றாள். குரல் உடைந்தது. பிஸ்கட் டின்னில் மீதி ரசீதுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக வெளியே நடந்தாள்.

தைப்பிங் ஊரில் மாலை மழை பெய்வது செய்தியே அல்ல. பெய்யாவிட்டால்தான் செய்தி. ஆனால் அன்றைக்கு அந்த மழை அவளுக்கு உபகாரம் செய்தது. அழுததை யாரும் பார்க்கவில்லை.

இல்லை, ஒருவன் பார்த்தான்.

மஸ்துரா கல்யாண மேடை போடுகிறவள். மணமக்கள் ராஜா ராணி போல ஒருநாள் வீற்றிருக்கும் பெலாமினை, பட்டும் பூவும் விளக்குமாக அவள் ஜோடித்தால் பார்க்கிறவர்கள் சோற்றை மறந்து நிற்பார்கள். ஐந்து வருஷத்தில் இருநூறு ஜோடிகளை உட்கார வைத்துவிட்டாள். இருபத்தொன்பது வயதில் தான் மட்டும் எந்த மேடையிலும் உட்காராததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவள் அம்மாவுக்கு, இரண்டு பேருக்கும் போதுமான கவலை இருந்தது.

கைவேலையில் சூரி. கணக்கு என்றால்தான் காத தூரம் ஓடுவாள். போன வருஷம் வரிப் படிவம் தாமதமாகி அபராதம் கட்டியபோது, கோலாலம்பூரிலிருந்து அண்ணன் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். 'இந்த வருஷம் ஜூன் முப்பதுக்குள்ள படிவம் ஒழுங்கா போகணும் துரா. இல்லேன்னா கடையை மூடிட்டு என் ஆபீசுக்கு வந்து உக்காரு. லாரிக் கடனுக்கு நான்தான் ஜாமீன், ஞாபகம் இருக்கட்டும்.'

இப்போது ஜூன் மூன்றாம் தேதி. கையில் ஐம்பத்து நான்கு கறுப்புச் சதுரங்கள்.

"அழுதது போதும்" என்றார் அம்மா மைமூன். "மணிக்கூண்டுப் பக்கம் மாடியில ஒரு கணக்காளர் இருக்காராம். பொறுமைசாலியாம். நாளைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியாச்சு. கறுப்பையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினாள். மேஜைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தது... அதே வெள்ளைச் சட்டை!

மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகை 'ஹில்மான்' என்றது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க" என்றாள் மஸ்துரா. "இங்க ப்ளக் எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது கண்கள் முதலில் சிரித்தன, உதடுகள் பின்னால் வந்து சேர்ந்தன. 'பார்க்காதே, பார்க்காதே' என்று மஸ்துரா தன்னையே அதட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நேத்து நான் பேசினது தப்பு. ஒரு ஜெராக்ஸ்னு சொன்னேனே... அழுதுட்டிருக்கிறவங்க கிட்ட அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் ஒண்ணும் அழல. மழை."

"ஆமா, மழைதான்" என்று உடனே ஒப்புக்கொண்டான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான் என்று பிற்பாடு யோசித்தபோது தெரிந்தது.

கறுப்புத் தாள்களை அவன் வரிசையாகப் பரப்பினான். திட்டவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை.

"இது எந்த நாள்னு தெரியுமா?"

"இதுவா... மேல்மூலையில கிழிஞ்சிருக்கே, அப்ப பட்டுத் துணி. மார்ச் மாசம். கமுண்டிங்ல ஒரு நர்ஸ் பொண்ணு. பச்சைதான் வேணும், ஆனா தவளைப் பச்சை வேண்டாம்னு சொன்னா. நாலு கடை ஏறி இறங்கி, இருபத்திரண்டு மீட்டர் வாங்கினேன்."

அவன் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இருபத்திரண்டு மீட்டர் வரைக்கும் ஞாபகம் இருக்கா?"

"மேடை ஞாபகம் இருந்தா துணி ஞாபகம் இருக்காதா?"

அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "உங்களுக்குக் கணக்கு வராதுன்னு யாருங்க சொன்னது?"

யாரும் இதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

வேலை தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் நாலு மணி. அவள் நாளைச் சொல்வாள், அவன் பாங்கு அறிக்கையில் அந்த நாளைத் தேடுவான், இருவருமாகக் கடை கடையாகப் போய் நகல் ரசீது கேட்பார்கள். சிடுசிடுக்கும் கடைக்காரர்களிடம் அவன் பேசுவதைக் கேட்க வேண்டும்... குரல் உயராது. "ஐயா, அவசரமில்ல, நீங்க வியாபாரத்தைப் பாருங்க, நாங்க நிக்கிறோம்" என்று ஓரமாக நின்றுவிடுவான். பத்து நிமிஷத்தில் கடைக்காரரே வெட்கப்பட்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுப்பார்.

'இவன் ஒரு தடவையாவது கோபப்படுவானா?' என்று மஸ்துரா காத்திருந்தாள். படவில்லை. ஒருநாள் ஒரு தாளைக் காட்டி, "இந்தக் கல்யாணத்துக்குச் செலவு இருக்கு, வரவே இல்லையே?" என்றான்.

"அது... அப்பா அம்மா இல்லாத பொண்ணு. தையல் கடையில வேலை. கேக்கத் தோணல."

"என்னன்னு போடறது? நன்கொடையா?"

"கல்யாணம்னு போடுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே ஓரத்தில் எழுதினான். கல்யாணம்.

நகல் கேட்டு அலைந்த ஒரு வியாழக்கிழமை மழை அவர்களை ஒரு டீக்கடை ஓரத்தில் மடக்கியது. அன்று கிளம்பும்போதுதான் பந்தயம் கட்டியிருந்தார்கள். மழைக்கு நேரம் சொல்லிப் பந்தயம் கட்டாதவன் தைப்பிங்காரனே இல்லை. அவன் நாலே கால் என்றான், அவள் நாலு இருபது. வந்தது நாலு பத்தொன்பதுக்கு.

"டீ உங்க செலவு சார்!"

"சாரை விடுங்களேன்."

"அப்ப... அண்ணன்னு கூப்பிடவா?"

"அய்யய்யோ, சாரே இருக்கட்டும்!"

இரண்டு டீ, ஒரு தட்டு பீசாங் கோரேங். சூடான வாழைப்பழப் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றபடி, ஏரிக்கரை மரங்கள் தண்ணீரில் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார்கள். அவளுடைய முக்காட்டின் ஓரம் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, உடனே ரசீதைப் பார்க்கப் போய்விட்டான். மூன்று ரிங்கிட் அறுபது சென். அந்த ரசீதை ஏன் அவ்வளவு கவனமாக மடித்துப் பர்ஸில் வைக்கிறான்? 'கணக்காளர் புத்தி' என்று நினைத்துக்கொண்டாள் அசடு.

ஜூன் இருபதில் ஐம்பத்தொரு கறுப்புச் சதுரங்களுக்கு உயிர் வந்துவிட்டது. அம்மாவின் கணக்கு அறிக்கையை அவள் முதல் தடவையாகக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் அது நடந்தது.

"உங்க வியாபாரப் பணம் ஏன் அம்மா கணக்குல போகுது வருது? தனியா ஒண்ணு தொடங்கணும்ங்க" என்று பேசிக்கொண்டே அறிக்கையில் விரல் ஓட்டிக்கொண்டு வந்தவன், ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இடத்தில் நின்றான். விரல் நகரவே இல்லை.

"இது... ஐந்நூறு ரிங்கிட் வெளியே போயிருக்கு. பக்கத்துல குறிப்பு. 'பூ இன்னும் வாங்கவில்லை. வருத்தப்படாதீர்கள்.' இதை எழுதினது யாரு?"

"நான்தான். அது யுஸ்ராவுக்கு. நின்னுபோன கல்யாணம். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஒப்பந்தப்படி திருப்ப வேண்டியதில்லையே..."

"நீங்க வேற! பாவம் அந்தப் பொண்ணு. ஒரு வாரம் இருக்கறப்ப மாப்பிள்ளை மாட்டேன்னுட்டானாம். ஊரெல்லாம் அதே பேச்சு. அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, என் புத்தகத்துல மணப்பெண் பேரு மட்டும்தான் எழுதுவேன். மேடை பொண்ணுக்கு, மாப்பிள்ளை சும்மா வந்து உக்கார்றவன். ஆனா அவனை மட்டும் எங்கயாச்சும் பார்த்தேன்னு வையுங்க... ஒரு பொண்ணை அழவிட்டவன் எந்த மேடையிலயும் உக்காரக் கூடாதுன்னு நேருக்கு நேரா சொல்லிடுவேன்!"

நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு அடியோடு இல்லை.

"இன்னைக்கு இது போதும்" என்று ஃபைலை மூடினான் ஹில்மான். "மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை அவள் போனபோது அறை பூட்டியிருந்தது. வியாழனும் பூட்டு. போன் செய்தால் ஒரு குமாஸ்தா அம்மாள் எடுத்து, "சார் வெளியூர் வேலை. உங்களது நடந்துட்டிருக்கு, கவலைப்படாதீங்க" என்றார்.

மஸ்துராவுக்குக் கோபம் வந்தது. அப்படி என்ன சொல்லிவிட்டோம்? யாரோ ஒரு மாப்பிள்ளையைத் திட்டினால் இவருக்கென்ன வந்தது? போனால் போகட்டும், நாமென்ன பின்னால் போய் நிற்கிறவளா... என்று வெள்ளிக்கிழமை முழுக்க வீம்பாக இருந்தாள். சனிக்கிழமை நாலு இருபதுக்கு மழை வந்தது. பந்தயத்துக்கு ஆள் இல்லை. ஜன்னலோரம் நின்று இன்னும் தொடுக்காத பூக்களைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பூ கசங்குது" என்றார் அம்மா.

"கசங்கட்டும்."

"ரசீது கறுத்ததுக்கு ஒருநாள் அழுத. இதுக்கு எத்தனை நாள்?"

"அம்மா!"

"நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, உன் ஃபைலு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

பிரித்தாள். முழுதாக முடித்திருந்தான். ஐம்பத்து நான்கில் ஐம்பத்து நான்கும். அம்மாவின் கண் ஆபரேஷன் செலவுக்கு உள்ள வரிச் சலுகையைக்கூட அவள் கேட்காமலே சேர்த்திருந்தான். கடை பிழைத்துவிட்டது. அண்ணனிடம் இனி நிமிர்ந்து பேசலாம். ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டிய மனசு ஏன் இப்படிக் கல்லாகக் கிடக்கிறது?

பக்கங்களைப் புரட்டினாள். ஆகஸ்ட் மாத அறிக்கை. அந்த ஐந்நூறு ரிங்கிட் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் அவன் கையெழுத்து: 'திருப்பித் தந்த முன்பணம். வருமானத்தில் சேர்க்கக் கூடாது.' அதற்குக் கீழே பாங்கு அச்சடித்த வரியை அவள் இதுவரை படித்ததே இல்லை. பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயர்.

ஹில்மான் பின் ஸக்கரியா.

யுஸ்ரா அனுப்பிய கணக்கு எண்ணுக்கு அன்று கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பியது ஞாபகம் வந்தது. முன்பணம் கட்டியது மாப்பிள்ளை. எண்ணும் மாப்பிள்ளையுடையது. இந்தப் பக்கத்தை அவன் ஃபைலில் சேர்க்காமல் விட்டிருந்தால் அவளுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆனால் விட்டிருந்தால் திருப்பித் தந்த பணத்துக்கும் அவள் வரி கட்டியிருப்பாள். தன் மானத்தைவிட அவளுடைய படிவம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான் மனுஷன்!

யுஸ்ராவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா..." என்றாள் மறுமுனையில் யுஸ்ரா, குரலைத் தாழ்த்தி. "அவர் மாட்டேன்னு சொல்லல அக்கா. நான்தான். எனக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சிருந்தது. அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டிருப்பார். 'நான் மாட்டேன்னுட்டதா சொல்லிடு, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது'ன்னார். ஊர் மொத்தம் அவரைத் திட்டுச்சு. ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. இன்னைக்கு நான் நல்லா இருக்கேன்னா அது அவர் கொடுத்தது."

மஸ்துரா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். முன்பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். குடையை மறந்துவிட்டாள்.

ஜூன் இருபத்தொன்பது, மாலை ஐந்தரை. மாடிக் கதவு திறந்திருந்தது. சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்து ஹில்மான் பதறி எழுந்தான்.

"கையெழுத்துக்கா? அனுப்பியிருந்தா..."

"உக்காருங்க."

உட்கார்ந்தான்.

"ஏன் சொல்லல?"

அவன் கண்கள் ஃபைலில் இருந்து அவளிடம் வந்தன. புரிந்துவிட்டது.

"சொன்னா யுஸ்ரா மேல பழி போகும். சொல்லலேன்னா... நீங்க என்னைத் திட்டினது நியாயமா இருக்கும். எனக்கு ரெண்டாவது பரவாயில்லன்னு நினைச்சேன். ஆனா வலிச்சுது. உங்க முகத்தைப் பார்க்க முடியல."

"என்னை மன்னிச்..." என்று தொடங்கினாள்.

"இருங்க. நானும் ஒண்ணு சொல்லணும்." அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. அவளுக்குத் தெரிந்து முதல் தடவை. "அந்த வாரம் மண்டபக்காரர், சமையல்காரர், எல்லாரும் முன்பணத்தை எடுத்துக்கிட்டாங்க. அது அவங்க உரிமை. ஊரே என்னைத் திட்டிக்கிட்டிருந்தது. அப்ப ஒரே ஒரு இடத்துலேர்ந்து பணம் திரும்பி வந்தது. அனுப்பினவங்க பேரு மைமூன் பிந்தி இட்ரிஸ். கூடவே ஒரு வரி... 'பூ இன்னும் வாங்கவில்லை. வருத்தப்படாதீர்கள்.' அந்த வருஷம் என் கிட்ட வருத்தப்படாதேன்னு சொன்னது அந்த வரி ஒண்ணுதாங்க. எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. யாரோ ஒரு வயசான அம்மான்னு நினைச்சு மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்த மாசம் இங்க உக்காந்து உங்களைப் பார்த்துப் பார்த்து... மனசு உங்க பக்கம் போனதுக்கப்புறம் தெரியுது, அந்த வரியும் நீங்கதான்னு."

வெளியே மழை கொட்டியது. உள்ளே மஸ்துரா அழுதாள். இந்தத் தடவை மழைமேல் பழி போட வழியில்லை, கூரைக்குக் கீழே அல்லவா நின்றுகொண்டிருந்தாள்!

"அழறீங்களா?"

"ஆமா. அழறேன். வருத்தப்படாதீங்கன்னு எழுதினவ நான், அதை வாங்கிக்கிட்டவரை நானே வருத்தப்பட வச்சுட்டேன்."

அவன் பர்ஸிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினான். பளபளப்பான சின்ன அட்டை. இரண்டு டீ, ஒரு தட்டு பீசாங் கோரேங், மூன்று ரிங்கிட் அறுபது சென். எழுத்து ஒன்றுகூட அழியாமல் இருந்தது.

"லேமினேட் பண்ணீங்களா? கறுக்கலையே!"

"ஜெராக்ஸ் எடுத்துட்டுப் பண்ணேன்" என்றான் அடக்கமாக. "ரசீதை ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம். எனக்கு அது போதாதுன்னு தோணிச்சு."

அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு முன்பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தது. மணப்பெண் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் கட்டமே இல்லை. ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் புத்தகத்தில் ஒரு மாப்பிள்ளையின் பெயர் ஏறியது.

ஹில்மான் அதைத் தலைகீழாகப் படித்தான். அந்தக் கண்கள் முதலில் சிரித்தன. உதடுகள் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முன்பணம் எவ்வளவுங்க?"

டீ ரசீதை எடுத்துப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடினாள் மஸ்துரா.

"கட்டியாச்சு. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன்... இந்தத் தடவை திருப்பித் தர மாட்டேன்."